வீட்டு வானும் ஐந்தாவது சக்கரமும்

கோடை விடுமுறை தொடங்கியதும் மனோர் பார்க்கின் ஒடுங்கிய தெருக்களில் ஒரு புதுக் காட்சியைக் காணலாம். சேர்ச் றோட் முருகன் ஆலயத்தின் அயலிலும் றொம்ஃபோர்ட் வீதியின் கிளைத் தெருக்களிலும், ஒரு வீட்டின் முகப்பை முற்றாக மறைத்தவாறு பெரிய வெண்ணிற வண்டியொன்று நிற்கும். படுக்கையும் அடுப்பும் கழிவறையும் தன்னகத்தே கொண்ட ‘மோட்டர் ஹோம்’ அது. நாம் அதனை வீட்டு வான் என்போம். ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்போரும் உளர்; இரண்டு மூன்று குடும்பங்கள் பங்கு சேர்ந்து பழைய வண்டியொன்றை வாங்கிக்கொள்வதும் உண்டு. வேல்சில் 1973இல் தோன்றிய ஸ்கந்தவேல் ஆலயத்துக்கும், நோர்ஃபோக்கின் வால்சிங்கம் மாதாவிடமும், கடல் கடந்தால் ஜேர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கும் கேவலார் மாதாவிடமும் எம்மவர் இவ்வாறு பயணமாகின்றனர். நீரிழிவுக்கு ஊசி போடும் தாயாரையும் பால்குடிக் குழந்தையையும் ஒரே பயணத்தில் அழைத்துச் செல்ல இதைவிட வசதியான வாகனம் இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இவ்வண்டிகளில் பலவற்றில் மேலதிகச் சக்கரம் கிடையாது. ஊரில் ‘ஸ்பெயார் வீல்’ என்று நாம் சொல்லிப் பழகிய அந்த ஐந்தாவது சக்கரத்தைத்தான் குறிப்பிடுகிறோம். அது இருக்கிறதா இல்லையா என்று வாங்கும்போது எவரும் குனிந்து பார்ப்பதில்லை. நாமும் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை, ஸ்கந்தவேலிலிருந்து திரும்பும் வழியில், எம்4 அதிவேகப் பெருந்தெருவில் சுவின்டன் நகருக்கு அண்மையில் எமது வண்டியின் பின்பக்க ரயர் வெடித்தது. வண்டியில் நாம் ஆறு பேர். எவருக்கும் காயமில்லை. உதவி வண்டிக்காரர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். அவர் கேட்ட முதற் கேள்வி, “மேலதிகச் சக்கரம் எங்கே?” என்பதே. எம்மிடம் இருந்ததோ ஒரு சிறு போத்தல் ஒட்டுத் திரவமும் கையடக்கக் காற்றுப் பம்பும் மட்டுமே. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துபோன ரயரை அவர் விரலால் சுட்டிக்காட்டினார், வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை வங்கி விடுமுறை. எமது வண்டிக்குரிய அளவான 225/75 ஆர் 16 ரயர், அதுவும் வீட்டு வான்களுக்கென வலுவாகச் செய்யப்படும் ‘சி.பி.’ வகை, அந்தச் சுற்றாடலில் எங்கும் கையிருப்பில் இல்லை. செவ்வாய் நண்பகலுக்கு முன் கிடைக்காது என்றனர். இரண்டு இரவுகள் வண்டிக்குள் தூங்குவது பெரிய துன்பமன்று. வீட்டு வான் அதற்குத்தானே. ஆனால் எம்மோடு வந்திருந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் அரசியற் தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருந்தவர். செவ்வாய் காலை லண்டனில் குடிவரவு அதிகாரிகள் முன் அவர் கையொப்பமிட வேண்டும். தவறினால் என்ன நேருமோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவர் கண்ணயரவில்லை. திங்கள் மாலை பஸ்ஸுக்குப் பயணச்சீட்டு எடுத்து அவரை மட்டும் அனுப்பி வைத்தோம். ஒருவேளை பிந்தினால் காட்டுவதற்காக உதவி வண்டிக்காரர் தந்த பற்றுச்சீட்டின் பிரதியையும் கையில் கொடுத்தோம். அது தேவைப்படவில்லை. எனினும் இத்தகைய நிலைமையில் அகப்படுவோர் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துவதோடு, தமது சட்டத்தரணிக்கும் உடனே அறிவிப்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில் ரயர் காற்றுப் போனால் அடுத்த சந்தியில் ஒட்டுப் போடும் கடை இருக்கும். கடை பூட்டியிருந்தால் கடைக்காரரின் வீடு பக்கத்தில் இருக்கும். இங்கு நாட்காட்டியைப் பார்த்துத்தான் ரயர் வெடிக்க வேண்டும்.

முன்னர் எம்மவர் வைத்திருந்த பழைய ட்ரான்சிட், ஹையேஸ் வான்களில் பின்புறத்து அடிப்பாகத்தில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். மாசு வெளியேற்றக் கட்டண வலயம் 2021 ஒக்டோபரில் வட சுற்றுவீதி வரை விரிந்து மனோர் பார்க்கையும் உள்ளடக்கியதும், 2023 ஓகஸ்டில் லண்டன் முழுவதையும் வளைத்ததும் அந்தப் பழைய டீசல் வண்டிகள் பல கைமாறிப் போயின. யூரோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் வானை வாசலிலிருந்து நகர்த்தினாலே நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டுமெனில் எவர்தான் வைத்திருப்பார்? அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய வீட்டு வான்களில் சக்கரம் இருந்த இடத்தைத் தண்ணீர்த் தாங்கியும் கழிவுநீர்த் தாங்கியும் பிடித்துக்கொண்டன. மற்றொரு காரணம் எடை. தயாரிப்பாளர் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் விற்பனை ஏட்டில் ‘ஏற்றக்கூடிய சுமை’ எனக் கூட்டிக் காட்டப்படும்.

இந்த எடைக் கணக்கை எம்மவர் அவசியம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1997 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் பிரித்தானியாவில் கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியெய்தியவர்களுக்கு 7500 கிலோ வரையான வாகனத்தைச் செலுத்தும் சி1 உரிமை தானாகவே கிடைத்தது. அதன் பின்னர் சித்தியெய்தியவர்களுக்குச் சாதாரண பி உரிமம் மட்டுமே. டீசல் அல்லது பெற்றோல் வீட்டு வானெனில் எல்லை 3500 கிலோ. எண்பதுகளில் வந்திறங்கிய எமது மூத்தவர்களில் பலர் முதல் வகையினர். பிந்தி வந்தவர்கள் இரண்டாம் வகையினர். மூத்தவர்களும் 70 வயதானதும் மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தாலன்றி சி1 உரிமையை இழப்பர். ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் 3500 கிலோவுக்குள் அடங்க வேண்டியவையே. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வந்தவர்கள் அதனை இங்கு மாற்றிக்கொள்ள முடியாது, புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறோம்.

ஏட்டின்படி 450 கிலோ ஏற்றலாம் என வைத்துக்கொள்வோம். சாரதியின் எடை வழக்கமாக முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். மற்ற ஐவரும் ஆளுக்கு 65 கிலோ எனில் 325. அரைத் தாங்கித் தண்ணீர் 50 லீற்றர், அதாவது 50 கிலோ. படுக்கை, உடுப்பு, அரிசிப் பை, கிடாரம், இடியப்பத் தட்டு எல்லாமாக 45. எஞ்சுவது 30 கிலோ. இரும்பு விளிம்போடு கூடிய ஒரு மேலதிகச் சக்கரத்தின் எடையும் ஏறக்குறைய அதுவே. தண்ணீரை முழுவதுமாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் சக்கரத்துக்கு இடமில்லை. போய்ச் சேரும் இடத்தில் நிரப்பினால் இடமுண்டு. சந்தேகமிருப்பின் எல்லோரையும் ஏற்றிய நிலையில், லொறிகளை நிறுக்கும் பொது எடை மேடையில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். எல்லை மீறிய வண்டியை அதிகாரிகள் வழியில் மறித்தால், சுமையைக் குறைக்கும் வரை நகர விடமாட்டார்கள்.

சரி, சக்கரத்தை எங்கே வைப்பது?

வண்டியின் அடியில், பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிடும் முறையே சிறந்தது எனக் கருதுகிறோம். எடை தாழ்வாக இருக்கும், உள்ளிடம் வீணாகாது. சில வண்டிகளில் உருக்குக் கம்பிவடத்தால் இறக்கி ஏற்றுவர். வேறு சிலவற்றில் குழாய்களாலான தொட்டில் இருக்கும். அல்-கோ நிறுவனத்தின் அடிச்சட்டம் பொருத்திய வண்டிகளுக்கென அத்தகைய தொட்டில் தனியே விற்பனையாகிறது. வாங்குமுன் தாங்கிகளுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே இடமுண்டா என்று அளக்க வேண்டும். இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. பனிக்காலத்தில் வீதியிற் கொட்டும் உப்பும் சேறும் கம்பிவடத்தைத் துருவேற்றி இறுக்கிவிடும். தேவைப்படும் நாளில் சக்கரம் கண்முன்னே தொங்கும், ஆனால் இறங்காது. அதனைவிடக் கொடியது, துருப்பிடித்த வடம் ஓடும்போது அறுந்து, பின்னால் வருபவரின் வண்டிமேல் சக்கரம் பாய்வது. ஆண்டுக்கு இருமுறையாவது முற்றாக இறக்கி, துடைத்து, கொழுப்புப் பூச வேண்டும்.

பின்கதவிலோ பின்சுவரிலோ மாட்டுவது பார்வைக்கு மிடுக்காக இருக்கும், எடுப்பதும் எளிது. ஆயினும் நெம்புகோலின் கணக்கு இங்கே எமக்கு எதிராக வேலை செய்கிறது. முன், பின் அச்சுகளுக்கிடையே 4 மீற்றர் என்றும், சக்கரமும் தாங்கியும் சேர்ந்து 40 கிலோ என்றும், அது பின் அச்சுக்கு 2 மீற்றர் பின்னால் தொங்குகிறது என்றும் கொண்டால், பின் அச்சில் ஏறும் சுமை 40 அல்ல, 60 கிலோ. முன் அச்சில் 20 கிலோ குறையும். முன்சக்கரத்தால் இயங்கும் வண்டியெனில் ஈரப் புற்றரையில் அது சுழன்று நிற்கும். ஸ்கந்தவேல் பக்கத்து ஒடுங்கிய ஏற்ற இறக்கப் பாதைகளிலும் பிடிமானம் குறையும். மேலும் பல வீட்டு வான்களின் பின்சுவர் மெல்லிய தகடும் நுரையும் சேர்த்து ஒட்டியது; உள்ளே வலுவான சட்டம் இல்லாத இடத்தில் ஆணி அடித்தால் சுவர் கிழியும், மழைநீர் இறங்கும். இரும்புக் கதவுடைய வான்களுக்கு இம்முறை பரவாயில்லை. இலக்கத்தகடும் விளக்குகளும் மறையக் கூடாது. மனோர் பார்க் தெருவில் இரவு முழுவதும் வெளியே நிற்கும் வண்டியெனில் பூட்டுள்ள நட்டும் வேண்டும்.

கூரையில் ஏற்றுவதை நாம் விரும்பவில்லை. மூன்று மீற்றர் உயரத்திலிருந்து 30 கிலோவை வீதியோரத்தில் இறக்குவது யார்? வண்டிக்குள் வைப்பதாயின் பின்புறத்துச் சாமான் அறையில், தரையிலுள்ள கொளுவிகளில் பட்டியால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாத சக்கரம் விபத்தின்போது பயணிகளை நோக்கி எறியப்படும்.

இடமும் எடையும் சற்றும் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. விளிம்பின்றி ரயரை மட்டும் கட்டிலின் அடியில் கொண்டு செல்வது. எடை ஏறக்குறையப் பாதியாகும். எமது அனுபவத்தில் பற்றாக்குறையாயிருந்தது சக்கரம் மாற்றும் ஆளல்ல, உரிய அளவு ரயரே. ரயர் கையிலிருந்தால் அதனை விளிம்பில் ஏற்றித் தரும் நடமாடும் சேவைகள் உண்டு.

பழைய வாகன முற்றத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஏதோவொரு சக்கரத்தை வாங்கிவிடாதீர்கள். வீட்டு வான்களுக்குப் பெரிதும் பயன்படும் ஃபியட் டுகாட்டோவிலேயே இரு வகை உண்டு: இலகு வகையில் ஐந்து துளைகளும் 118 மில்லிமீற்றர் வட்டத்தில், கன வகையில் 130 மில்லிமீற்றர் வட்டத்தில். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஓடும் சக்கரங்கள் அலுமினியக் கலவை, மேலதிகச் சக்கரம் இரும்பு எனில் போல்டுகளும் வேறுபடக்கூடும். அவற்றையும் கேட்டு வாங்குங்கள். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 3219 எனில் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பயன்படுத்தாமல் தொங்கினாலும் ரப்பர் மூப்படையும். பஸ், லொறிகளின் முன் அச்சில் பத்து ஆண்டு கடந்த ரயர்களை 2021 பெப்ரவரி முதல் பிரித்தானியா தடைசெய்துள்ளது. வீட்டு வான்களுக்கு அத்தடை இல்லையெனினும், எமது பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு அதே அளவுகோலை நாமே வைத்துக்கொள்ளலாம்.

சக்கரம் இருக்கிறதென்ற துணிவில் அதிவேகப் பெருந்தெருவின் ஓரத்தில் இறங்கி மாற்ற முற்படலாகாது. இந்நாட்டு வீதி விதிநூல் அதனைத் தெளிவாகவே விலக்குகிறது. இடப்பக்கக் கதவால் இறங்கி, தடுப்புவேலிக்கு அப்பால் நின்று உதவியை அழைக்க வேண்டும். அங்கே எச்சரிக்கை முக்கோணமும் வைக்கக் கூடாது. பிரான்சில் முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் வண்டியில் இருந்தேயாக வேண்டும். அந்நாட்டின் கட்டணப் பெருந்தெருக்களில் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி வண்டி நேரே வர முடியாது. வீதியோரச் செம்மஞ்சள் தொலைபேசியிலோ 112இலோ அழைத்தால் அனுமதி பெற்ற உள்ளூர் வண்டியே வரும்.

எமது வண்டியின் அடியில் இப்போது தொட்டில் பூட்டப்பட்டுள்ளது. மைத்துனர் பங்குனியிலும் ஐப்பசியிலும் சக்கரத்தை இறக்கித் துடைத்து, பின் ரயருக்குரிய 5.5 பார் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறார். 30 கிலோவுக்கு ஈடாகப் பெரிய கிடாரமும் மடிப்பு மேசையும் பாதித் தண்ணீரும் வீட்டில் நின்றுவிட்டன. கிடாரம் விடயத்தில் மாமிக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.