பரீட்சைக் கட்டுரையைத் திருத்தியது ஊர் உலகம்!
மாணவன் எழுதும் கட்டுரையை எத்தனை பேர் படிப்பார்கள்? ஒரே ஒருவர்தான். வாத்தியார்! மார்க் போட்டதும் அது பரணுக்குப் போகும். அப்புறம் பழைய பேப்பர் கடைக்கு.

இதை மாற்றிக் காட்டினார் ஒரு பேராசிரியர். பெயர், ஜான் பீஸ்லி-மர்ரே. கனடாவில் வான்கூவர் நகரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 2008-ம் ஆண்டு, சர்வாதிகாரிகளைப் பற்றிய லத்தீன் அமெரிக்க நாவல்களைப் பாடம் நடத்தினார்.

விக்கிபீடியா பக்கமே போகாதே என்று பல வாத்தியார்கள் விரட்டிய காலம் அது. இவரோ, கட்டுரையை அங்கேயே எழுதச் சொல்லிவிட்டார்! 'நல்ல கட்டுரை' என்ற தகுதி கிடைத்தால் 'ஏ' கிரேடு. 'சிறப்புக் கட்டுரை' ஆனால் 'ஏ பிளஸ்'.

தகுதி தருவது வாத்தியார் அல்ல. முகம் தெரியாத விக்கிபீடியாக்காரர்கள்!

சும்மா விடுவார்களா? இதுக்கு ஆதாரம் எங்கே, எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று குடைந்து எடுப்பார்கள். காப்பி அடித்தால் வெட்டு விழும். எழுதியதையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. வாத்தியாரை ஏமாத்தலாம். ஊர் உலகத்தை ஏமாத்த முடியுமா?

கடைசிக் கணக்கு என்ன தெரியுமா? 3 சிறப்புக் கட்டுரைகள், 8 நல்ல கட்டுரைகள்! மூன்றில் ஒன்று, பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசாவைப் பற்றியது.

2010-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'யார் இந்த ஆளு?' என்று விக்கிபீடியாவில் தேடியவர்கள் கண்ணில் பட்டது, இந்த மாணவர்கள் மார்க்குக்காகச் செப்பனிட்ட பக்கம்தான்!