ஆறு மணி அடித்தால் கார் நுழையாது!

குட்டீஸ், நம் தருமபுரி மாவட்டத்தில் என்னதான் இல்லை? ஒகேனக்கல் அருவி இருக்கிறது. பரிசல் இருக்கிறது. வத்தல்மலை இருக்கிறது. பாலக்கோடு பக்கம் போனால் மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் இல்லை. கடல்!

அதனால்தான் பள்ளியில் சுற்றுலா என்று சொன்னவுடன், "சார்... சார்... கடலுக்குப் போகலாம் சார்" என்று கத்துகிறோம். சென்னை மெரினாவா, புதுச்சேரியா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இந்த வாரம் நாம் புதுச்சேரிக்குப் போய் வருவோமா? பஸ் கட்டணம் கிடையாது. பயப்படாமல் ஏறிக்கொள்ளுங்கள்.

தருமபுரியில் இருந்து அரூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் 200 கிலோ மீட்டர். காலையில் கிளம்பினால் மதியம் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால், கடற்கரைக்கு உடனே ஓடாதீர்கள். மாலை 6 மணி ஆகட்டும். ஏன் தெரியுமா?

புதுச்சேரியில் கடலை ஒட்டியே ஒரு சாலை நீளமாகப் போகிறது. ஒன்றரை கிலோ மீட்டர் இருக்கும். ஒரு பக்கம் பழைய பிரெஞ்சுக் கட்டடங்கள், மறுபக்கம் கடல். 1836-ல் முதன்முதலில் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் அங்கேதான் நிற்கிறது. காந்தி தாத்தா சிலையும் அங்கேதான். சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்களை செஞ்சியில் இருந்து கொண்டு வந்தார்கள். நாம் இப்போது பஸ்சில் கடந்து வந்தோமே, அதே செஞ்சி!

மாலை 6 மணிக்கு போலீஸ்காரர்கள் வந்து இந்தச் சாலையின் முனைகளில் இரும்புத் தடுப்புகளை இழுத்து வைக்கிறார்கள். அவ்வளவுதான். கார், பைக், ஆட்டோ எதுவும் உள்ளே வர முடியாது. மறுநாள் காலை 7.30 மணி வரை அந்தச் சாலை, நடப்பவர்களுக்கு மட்டுமே சொந்தம். ஏதோ திருவிழா நாளில் மட்டும் அல்ல, தினமும் இப்படித்தான்.

தடுப்பு வைத்த பத்தாவது நிமிடம் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். இதுவரை ஓரமாக ஒதுங்கி நடந்தவர்கள் நடுரோட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மாக்கள் குழந்தையின் கையை விட்டுவிடுவார்கள். அந்தக் கையை விடுவது இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். நம் ஊர் நான்கு ரோட்டில் எந்த அம்மாவாவது கையை விடுவார்களா? இறுக்கிப் பிடித்த பிடியில் கையே சிவந்துவிடும்! அங்கே, சக்கர நாற்காலியில் வருகிற தாத்தாவும் சமமான தார்ச்சாலையில் கடலைப் பார்த்தபடி போகலாம். சுண்டல் விற்பவருக்கும் ஹாரன் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தத் தேவையில்லை.

* ஒரு கார், ஆறு சைக்கிள்

"கார் போனால் என்ன? கார்காரர்களும் கடல் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவர்களும் பார்க்கலாம். காரை வேறு இடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்து பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரின் நீளம் சுமார் 4 மீட்டர், அகலம் 1.7 மீட்டர். பெருக்கினால் 6.8 சதுர மீட்டர். சைக்கிள் சுமார் 1.8 மீட்டர் நீளம். கைப்பிடி அகலம் 0.6 மீட்டர். பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது, ஒரு கார் நிற்கிற இடத்தில் ஆறு சைக்கிளை நிறுத்திவிடலாம். நடந்து வருகிறவருக்கோ நிறுத்த இடமே வேண்டாம். கடலோர இடம் குறைவு. அதை ரப்பர் போல இழுத்து நீட்ட முடியாது. அதில் காரை நிறுத்துவதா, ஆளை நிறுத்துவதா என்பதுதான் கேள்வி.

புதுச்சேரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பழைய நகரம் சின்னது. தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர் நேராக இருக்கும். எந்த மூலையில் இருந்தும் கடலுக்கு நடந்தே வந்துவிடலாம். கடைகளில் வாடகைக்கு சைக்கிளும் கிடைக்கும். உங்கள் அப்பாவிடம் "அவர் சைக்கிள்" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, குரங்கு பெடல் போட்டு ஓட்டிய கதை ஒன்று கட்டாயம் வரும்.

* காணாமல் போன மணல்

சரி, சாலை கிடைத்துவிட்டது. கடற்கரை? அங்கேதான் ஒரு சோகக் கதை இருக்கிறது.

புதுச்சேரிக்குப் போன அக்கா, அண்ணன்களைக் கேட்டால், "அங்கே மணலே இல்லை, கறுப்புப் பாறைதான்" என்பார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் தாத்தா காலத்தில் அங்கே அகலமான மணல் கடற்கரை இருந்தது. அந்த மணல் எங்கே போனது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யலாம். மழை பெய்து ஓய்ந்ததும் தெருவில் மண்ணோடு சின்ன ஓடை ஓடுமே, அதில் பாதி வழிக்கு ஒரு செங்கல்லைக் குறுக்கே வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் வருகிற பக்கம் மண் சேர்ந்து மேடாகி இருக்கும். செங்கல்லைத் தாண்டிய பக்கம் மண் அரித்துப் பள்ளமாகி இருக்கும்.

கடலிலும் இதே கதைதான். நம் கிழக்குக் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலைகள் தெற்கில் இருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அவை மணலையும் வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தத்தில் வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே நடக்கிறது. ஆமாம், மணல் நடக்கிறது!

1980-களின் கடைசியில், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் செங்கல் மாதிரி! தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. கடல் சாலையைத் தொட்டுவிடக் கூடாதே என்று கருங்கல் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சாலை பிழைத்தது. கடற்கரை போய்விட்டது.

சுற்றுலா வந்த நமக்கு, "மணல் வீடு கட்ட முடியவில்லையே" என்பதோடு வருத்தம் முடிந்துவிடும். ஆனால் அங்கேயே குடியிருக்கிற குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மீனவர்களை நினைத்துப் பாருங்கள். படகை எங்கே ஏற்றுவது? வலையை எங்கே உலர்த்துவது? மீனவர்களுக்குக் கடற்கரைதான் களத்துமேடு. நம் ஊரில் ராகி, சோளம் அடிக்கிற களத்தைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

பாறை கொட்டினால் அரிப்பு நிற்பதில்லை. அடுத்த ஊருக்கு நகர்கிறது. புதுச்சேரி எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டின் பொம்மையார்பாளையம் வரை வீடுகளை அலை தின்றது. சென்னையிலும் இதுதான் நடந்தது. 19-ம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற கடற்கரை ஆனது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. மெரினாவில் பஞ்சுமிட்டாய் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

* திரும்பி வந்த கடற்கரை

புதுச்சேரி மக்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் கடற்கரை எங்களுக்கு வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஒரு யோசனை செய்தார்கள். 2018-ல் பல நூறு டன் எடையுள்ள, ஆப்பு வடிவ இரும்பு அமைப்பு ஒன்றை, தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் இறக்கினார்கள். இது ஒரு செயற்கைத் திட்டு. கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அலை அதன்மேல் ஏறி உடைந்து வேகம் குறைந்துவிடும். வேகம் குறைந்த தண்ணீர் என்ன செய்யும்? சுமந்து வந்த மணலைக் கீழே போட்டுவிடும்.

பாறைகளுக்கு முன்னால் மெல்ல மெல்ல மணல் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நகரத்துக் குழந்தைகள் தங்கள் வீட்டுக்கு எதிரிலேயே மணலில் கால் பதித்தார்கள்! (குளிக்க மட்டும் இறங்காதீர்கள். அலை ஆளை இழுக்கும்.) ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நகரத்துக்கு முன்னால் மணல் வந்தது. வடக்கே உள்ள மீனவ கிராமங்களில் அரிப்பு நிற்கவில்லை.

இப்போது ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்த மணலில் நம் ஊர் மணலும் உண்டு!

தென்பெண்ணை ஆறு, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து, நம் மாவட்டத்தின் இருமத்தூர் வழியாகப் போகிறது அல்லவா? அது கடலூர் அருகே, அதாவது புதுச்சேரிக்குத் தெற்கே, கடலில் சேர்கிறது. அங்கிருந்து மணல் எந்தப் பக்கம் நடக்கும்? வடக்கே! இருமத்தூர் ஆற்றங்கரையில் நீங்கள் விளையாடிய மணல்தான், ஊர் ஊராக உருண்டு போய்ப் புதுச்சேரிக் கடற்கரை ஆகிறது. 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளில் நிறைய மணல் தங்கிவிடுகிறது. லாரியில் அள்ளுகிற மணலும் கடலுக்குப் போவதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையே மிதந்ததே, அப்போது தென்பெண்ணை செந்நிறமாகக் கரை புரண்டு ஓடியது. அந்த நிறம் வேறொன்றும் இல்லை, நம் பக்கத்து மண்தான்.

* மரப் பாதையும் ஞாயிற்றுக்கிழமையும்

மெரினாவில் வேறொரு சிக்கல். மணல் ரொம்ப அதிகம்! சாலையில் இருந்து தண்ணீர் வரை நடப்பதற்குள் நமக்கே கால் வலிக்கும். சக்கர நாற்காலியோ மணலில் புதைந்துவிடும். பல மாற்றுத்திறனாளிகள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் அலையைத் தொட்டதே இல்லை. 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரத்தால் ஒரு பாதை அமைத்தார்கள். முதன்முதலாக அலைக்குப் பக்கத்தில் போய் நின்றவர்கள் சிலர் அழுதே விட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் முனையைப் பிய்த்துப் போட்டது. மறுபடி சரிசெய்தார்கள்.

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டா. அங்கே 1974-ல் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது 100 கிலோ மீட்டருக்கும் அதிகமான சாலைகளில் சைக்கிளும் ஸ்கேட்டிங்கும் மட்டும்தான். நம் தருமபுரி மாதிரியே போகோட்டாவுக்கும் கடல் கிடையாது. மலை நகரம் அது. கார் இல்லாத சாலைக்குக் கடல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் எந்தத் தெருவை மூடலாம்? யோசித்துப் பார்த்து வகுப்பில் சண்டை போடுங்கள்!

சரி, புதுச்சேரியில் ராத்திரி தங்கியிருக்கிறோம் அல்லவா? விடியற்காலையில் எழுந்து ஓடுங்கள். கடலுக்குள் இருந்து சூரியன் எழும். நம் ஊரில் மலைக்குப் பின்னால் இருந்து வருகிற அதே சூரியன்தான். ஆனாலும் வேறு மாதிரி இருக்கும். நடுரோட்டில் உட்கார்ந்துகூடப் பார்க்கலாம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக 7.30 மணிக்குத் தடுப்பை ஓரமாக இழுத்து வைப்பார்கள். முதல் பைக் "டர்ர்..." என்று உள்ளே வரும். அதற்குள் எழுந்து ஓரமாக வந்துவிடுங்கள்.