காலித் தட்டு

பதினாறு வயதில், ரத்தம் தெறிக்கும் படங்களைக் கண் சிமிட்டாமல் பார்ப்பேன். ‘எம்’ மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. 1931இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ஜெர்மன் படம்; அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றியது.

கொலை திரையில் இல்லவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டும் சிறுமி எல்ஸி வரவில்லை. தட்டை எடுத்துவைத்துக் காத்திருக்கும் அம்மா, மாடிப்படியை எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆளில்லாத படிக்கட்டு. காலித் தட்டு. புதருக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. அவன் வாங்கித் தந்த பலூன் கம்பிகளில் சிக்கித் துடித்துப் பறந்துபோகிறது. அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து என் அம்மா, “சாப்பிட வாடி” என்றாள். எனக்குக் குரலே எழும்பவில்லை.

அவன் வருவதைச் சொல்வது ஒரு சீட்டி, கிரீக் இசையமைத்த மெட்டு. அவனாக நடித்த பீட்டர் லோரேவுக்குச் சீட்டியடிக்க வராதாம், லாங்கே அடித்திருக்கிறார். பின்னணி இசை கிடையாது. அதனால் அந்தச் சீட்டி காதுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கடைசியில் திருடர்களே அவனைப் பிடித்து, கைவிடப்பட்ட சாராய ஆலையில் விசாரிக்கிறார்கள். கண்கள் பிதுங்க, தன்னை அடக்க முடியவில்லை என்று அவன் கதறும்போது எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. எல்ஸியின் அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.