கடைசி வண்டி வரும்வரை

வார இறுதி நாளொன்றின் விடியற்பொழுது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவிலுள்ள அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவின் ஓரத்தில் ஜீப் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கழகமொன்றின் உறுப்பினர்கள் குடும்பங்களோடு மலைப்பள்ளத்தாக்குகளுக்குள் பயணமாகிறார்கள். ஓட்டுநர்கள் குனிந்து சில்லுகளின் காற்றைக் குறைக்கிறார்கள். காற்றுக் குறைந்த சில்லு அகலப் பதியும். ஆகவே மணலில் எளிதிற் புதையாது.

புறப்படுமுன் விதியொன்று நினைவூட்டப்படுகிறது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும். பாதை பிரியும் இடத்தில், பின்வருபவர் கண்ணிற்படும்வரை நிற்கவேண்டும். வரிசையின் இறுதியில் அனுபவமிக்க ஒருவர் வருவார். பழுதடைந்து நின்ற எந்த வண்டியையும் அவர் கடந்து செல்லமாட்டார். எல்லோரையும் எல்லோரும் கவனிக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒருவரைக் கவனித்தால் எவரும் தொலைந்துபோவதில்லை.

அப்பூங்காவிலுள்ள கயோட்டிப் பள்ளத்தாக்கு கவுயியா பழங்குடியினரின் வாழ்விடமாய் இருந்தது. 1775ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஹுவான் பவுத்திஸ்தா தெ ஆன்சா என்னும் ஸ்பானியத் தளபதி, இன்றைய அரிசோனாவிலுள்ள துபாக்கிலிருந்து சுமார் 240 பேரைக் குடியேற்றத்திற்காக அழைத்துப் புறப்பட்டார். அவர்களுள் 100இற்கும் மேற்பட்டோர் சிறுவர். முதல் இரவிலேயே ஒரு தாய் பிள்ளைப்பேற்றில் இறந்தார்.

நத்தாருக்கு முந்திய இரவு இப்பள்ளத்தாக்கில் இன்னொரு தாய்க்குப் பிரசவவேளை வந்தது. ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் பயணம் நிறுத்தப்பட்டது. கடுங்குளிரிலும் அத்தனை பேரும் ஒரு தாய்க்காகவும் சேய்க்காகவும் காத்திருந்தனர். உடன்வந்த பிரான்சிஸ்கன் துறவி பேத்ரோ ஃபொன்ட் அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தார். அதற்கு இட்ட பெயர் சல்வதோர். மீட்பர் என்பது அதன் பொருள். 1776 மார்ச்சில் அவர்கள் மொன்ரரேயை அடைந்தனர். வழியில் மரித்தவர் முதல் இரவில் இறந்த அத்தாய் ஒருவரே என்கிறது வரலாறு.

இன்றும் அங்கே காத்திருத்தல் உண்டு. 'பொரேகோ' என்ற ஸ்பானியச் சொல் ஆட்டைக் குறிக்கும். அருகிவரும் பெருங்கொம்புக் காட்டாடுகள் கோடையில் அச்சமின்றி நீரருந்தும் பொருட்டு, ஜூன் முதல் செப்டெம்பர் வரை அப்பள்ளத்தாக்கின் பாதை மூடப்படுகிறது. வலிமைமிக்க இயந்திரங்கள் ஓர் ஆட்டின் தாகத்திற்காக ஒதுங்கி நிற்கின்றன.

தொடக்க நூலின் 33ஆம் அதிகாரத்தில் ஏசா தம் சகோதரனைச் சேர்ந்து பயணஞ்செய்ய அழைக்கிறார். யாக்கோபோ, பிள்ளைகள் மெலிந்தவர்கள், மந்தையிற் பாலூட்டும் ஆடுகள் உள்ளன, ஒருநாள் விரட்டினாலும் அவை மடிந்துவிடும் என்று கூறி, அவற்றின் நடைக்கேற்ப மெதுவாக வருவதாகச் சொல்கிறார். இளமையில் முந்தியோட முயன்ற யாக்கோபு, தந்தையானபோது பின்தங்கக் கற்றுக்கொண்டார்.

அன்பார்ந்தவர்களே, நம் இல்லங்களிலும் வேகமாகச் செல்வோர் உளர்; மெதுவாக வருவோரும் உளர். பாடம் விளங்காத பிள்ளை, சொன்னதையே திரும்பச் சொல்லும் பாட்டி, துயரிலிருந்து இன்னும் எழாத சகோதரி. அவர்களை விட்டு முன்னே சென்றுவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று கடிந்துகொள்கிறோம். எல்லோரையும் சுமக்கும்படி நம்மிடம் கேட்கப்படவில்லை. நமக்குப் பின்னால் வருபவர் ஒருவர்தான்.

இன்றிரவு செபமாலை சொல்ல அமரும்போது, அவர் வந்து சேர்ந்துவிட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமா?