இன்ஜின் ஓடியது... விமானம் விழுந்தது! ப்ரொப்பல்லர் எப்படி வேலை செய்கிறது? - பொக்காரா விபத்து காட்டிய உண்மை

2023 ஜனவரி 15. நேபாளத் தலைநகர் காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்குப் புறப்பட்டது எட்டி ஏர்லைன்ஸின் ஏ.டி.ஆர் 72 ரக விமானம். பயணிகள் 68 பேர், ஊழியர்கள் 4 பேர். ஓடுபாதையை நெருங்கிய நேரத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து சேத்தி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்தது. 72 பேரும் உயிரிழந்தார்கள்.

வானிலை மோசமாக இல்லை. இரண்டு இன்ஜின்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு எப்படி? விபத்தை ஆராய்ந்த நேபாள அரசின் விசாரணைக் குழு கண்டறிந்த பதில், ப்ரொப்பல்லர் பிளேடுகளின் கோணத்தில் இருந்தது.

சீலிங் ஃபேனைப் பாருங்கள்!

வீட்டில் சுற்றும் சீலிங் ஃபேனின் இறக்கைகள் சற்றே சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வுதான் காற்றைக் கீழே தள்ளுகிறது. இறக்கைகள் சாய்வே இல்லாமல் தட்டையாக இருந்தால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வராது.

ப்ரொப்பல்லரும் ஏறக்குறைய அப்படித்தான். காற்றை அது பின்னால் தள்ள, விமானம் முன்னால் நகர்கிறது. கூடவே இன்னொரு விஷயமும் உண்டு. ப்ரொப்பல்லர் பிளேடு என்பது விமானத்தின் இறக்கையைப் போலவே வளைவாகச் செதுக்கப்பட்டது. இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது; சுழலும் பிளேடு அதே விசையால் விமானத்தை முன்னால் இழுக்கிறது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் அவர்கள் பறக்கவிட்ட விமானத்தில், மரத்தில் செதுக்கிய இரண்டு ப்ரொப்பல்லர்கள் இருந்தன. 'இது சுழலும் இறக்கை' என்று கணக்குப்போட்டுத்தான் அவற்றைச் செய்தார்கள்.

பிளேடு ஏன் முறுக்கிவிட்டதுபோல இருக்கிறது? நடுப்பகுதியைவிட நுனி பல மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. எல்லா இடத்திலும் காற்றைச் சரியான கோணத்தில் வெட்ட வேண்டும் என்பதற்காக, நடுவில் அதிகச் சாய்வும் நுனியில் குறைந்த சாய்வும் வைக்கிறார்கள்.

எத்தனை வகை?

*கோணம் மாறாதது:* சிறிய பயிற்சி விமானங்களில் பார்க்கலாம். பிளேடின் கோணம் தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். விலை குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால், ஒரே கியரில் சைக்கிள் ஓட்டுவதுபோலத்தான். மேடு ஏறுவதற்கு வசதியான கியர், சமதரையில் வேகமாகப் போக உதவாது.

*கோணம் மாறுவது:* டேக்-ஆஃப் ஆகும்போது பிளேடின் சாய்வு குறைவாகவும், உயரத்தில் வேகமாகப் பறக்கும்போது அதிகமாகவும் இருக்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவின் போயிங் 247 போன்ற பயணிகள் விமானங்களில் இந்த வகை இடம்பிடித்தது.

*ஒரே வேகத்தில் சுற்றுவது:* இது அதன் அடுத்த கட்டம். 'கவர்னர்' என்ற கருவி எண்ணெய் அழுத்தத்தின் மூலம் பிளேடின் கோணத்தைத் தானாகவே மாற்றும். அதனால் ப்ரொப்பல்லர் குறித்த வேகத்திலேயே சுற்றும்.

*எதிரெதிராகச் சுற்றுவது:* ஒரே அச்சில் முன்னும் பின்னுமாக இரண்டு ப்ரொப்பல்லர்கள், எதிரெதிர் திசையில் சுற்றும். ரஷ்யாவின் டி.யூ-95 குண்டுவீச்சு விமானம் இதற்கு உதாரணம். வேகம் அதிகம், சத்தமும் அதிகம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ ஏ.டி.ஆர் 72-ல் போயிருக்கிறீர்களா? ஜன்னல் வழியே தெரியும் அந்த ஆறு பிளேடு ப்ரொப்பல்லரும் கோணம் மாறும் வகைதான். அதன் விட்டம் 3.93 மீட்டர். நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும்போது பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 890 கி.மீ வேகத்தில் காற்றை வெட்டும். நுனி ஒலியின் வேகத்தைத் தொட்டால் சத்தம் கூடும், இழுவிசை குறையும். அதனால்தான் விட்டத்தையும் சுழற்சியையும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உயிர் காக்கும் 'ஃபெதர்'

பறக்கும்போது ஓர் இன்ஜின் நின்றுவிட்டால்? எதிர்க்காற்று அந்தப் ப்ரொப்பல்லரைச் சுற்றவைக்கும். அது விமானத்தைப் பிடித்து இழுக்கும் பிரேக்போல ஆகிவிடும். பலமான காற்றில் முறத்தை நேராகப் பிடித்தால் நம்மையே தள்ளும். அதன் விளிம்பைக் காற்றுக்குக் காட்டினால் காற்று நழுவிப் போய்விடும் இல்லையா? அதேபோல பிளேடின் விளிம்பைக் காற்றை நோக்கித் திருப்பிவிடுவதுதான் 'ஃபெதர்'. டேக்-ஆஃப் நேரத்தில் இன்ஜின் செயலிழந்தால் தானாகவே ஃபெதர் ஆகும் ஏற்பாடும் ஏ.டி.ஆர் விமானத்தில் உண்டு. மிச்சமிருக்கும் ஓர் இன்ஜினை வைத்து விமானம் பத்திரமாகத் தரையிறங்க இதுதான் கைகொடுக்கிறது.

தரையிறங்கிய பிறகு பிளேடை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் காற்றை முன்னால் தள்ளவும் முடியும். ஓடுபாதையில் வேகத்தைக் குறைக்க அது உதவும்.

பொக்காராவில் நடந்தது என்ன?

அந்த விமான நிலையம் திறந்தே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விமானத்தை ஓட்டிய பைலட்டுக்கு, புதிய நிலையத்தைப் பழக்கப்படுத்தும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தரையிறங்குவதற்காக, இறக்கையில் உள்ள 'ஃப்ளாப்' பகுதியை 30 டிகிரிக்கு இறக்கச் சொன்னார் அவர். 'ஃப்ளாப்ஸ் 30' என்று பதிலும் வந்தது. ஆனால், உடனிருந்த பைலட்டின் கை நகர்த்தியது ஃப்ளாப் லீவரை அல்ல. அதன் அருகிலேயே இருந்த, ப்ரொப்பல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு லீவர்களை. இரண்டு ப்ரொப்பல்லர்களும் ஒரே நேரத்தில் ஃபெதர் நிலைக்குப் போய்விட்டன.

இன்ஜினில் சக்தியே வரவில்லை என்று விமானத்தை ஓட்டியவர் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. பவர் லீவரை முழுவதுமாக முன்னால் தள்ளியும் பயனில்லை. காற்றைத் தள்ளும் கோணத்தில் பிளேடுகள் இல்லை. லீவர் மாறிய சுமார் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கவனக்குறைவால் லீவர்கள் நகர்த்தப்பட்டதே விபத்துக்கான காரணம் என்றது விசாரணைக் குழு. மலைகள் சூழ்ந்த புதிய நிலையத்தில் இறங்குவதால் ஏற்பட்ட வேலைப்பளுவையும் அது சுட்டிக்காட்டியது. ஓர் இன்ஜின் நின்றால் உயிர் காக்க வேண்டிய ஃபெதர், ஓடிக்கொண்டிருந்த இரண்டு இன்ஜின்களையும் பயனற்றதாக்கிவிட்டது. லீவரைத் தொடும் முன் ஒருமுறை பார்ப்பது, தொட்ட பின் கருவியின் முள்ளைச் சரிபார்ப்பது என்று பைலட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.