வானத்தை அளந்த கருங்கல் தூண்

1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் தூண் இது. தொலைநோக்கி சிறிதும் அசையக் கூடாது என்பதால் அதை இக்கல்லின் மேல் பொருத்தினார்கள். தூணில் தமிழ், தெலுங்கு எழுத்துகளையும் காணலாம்.

ஒரு விண்மீன், தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கற்பனைக் கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்து ஊரின் நேரத்தைக் கணித்தார்கள். அந்த மதராஸ் நேரமே பின்னாளில் நாட்டின் ரயில்களுக்கும் பொது நேரமாக இருந்தது.

1861இல் நார்மன் போக்சன் இங்கிருந்து ‘ஆசியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். இங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ‘ஆர் ரெடிகுலி’ விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867இல் கண்டறிந்தார். 1874இல் சூரியனை வெள்ளி கடந்த நிகழ்வை மக்களுக்கு விளக்கி நூலும் எழுதினார்.

1899இல் கொடைக்கானலில் புதிய ஆய்வுக்கூடம் அமைந்ததும் வானாய்வு அங்கே நகர்ந்தது. எழுத்துகள் தேயாதிருக்க, தூணைத் தொடாமல் பாருங்கள்.