உட்காரவும் கற்க வேண்டும்

அந்நாளில் பம்பாய்க்கு ரயிலேறிய தமிழர்களில் பலருக்கு டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும்தான் மூலதனம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் அமர்ந்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விரல்களோடு உடம்புக்கும் பாடம் உண்டு: முதுகு நேராக, பாதம் தரையில், மணிக்கட்டு தொய்யாமல்.

மெஷினே ஓய்வும் தந்தது. வரி முடிந்தால் கேரேஜைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, வேறு தாள் சொருக வேண்டும். கம்ப்யூட்டர் இந்த இடைவெளிகளை விழுங்கிவிட்டது. முதல் இந்திய டைப்ரைட்டரை 1955ல் தயாரித்த மும்பையின் கோத்ரெஜ் நிறுவனம், 2009ல் உற்பத்தியை நிறுத்தியது. மெஷினோடு பாடமும் போயிற்று. இன்று கீபோர்டைத் தொடாத ஊழியர் அரிது. உட்காரக் கற்றவர் அதைவிட அரிது.

விளைவு, கழுத்து வலி, தோள் இறுக்கம், கண் எரிச்சல். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போகும்; இரவில் தூக்கம் கெடும். பலர் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் லோக்கல் ரயிலைப் பிடிக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் கட்டைவிரல் தசை மெலிந்து, டம்ளரைப் பிடிப்பதே சிரமமாகிவிடலாம்.

வேலையை மனித உடலுக்கு ஏற்ப அமைக்கும் இந்தத் துறைக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயர். தாராவியை அடுத்த சயானில் உள்ள மத்திய அரசின் சென்ட்ரல் லேபர் இன்ஸ்டிட்யூட்டில் இது ஆராயப்படுகிறது. பவாய் ஐ.ஐ.டி.யில் 1969ல் தொடங்கிய தொழில் வடிவமைப்பு மையத்திலும் இதற்கு இடம் உண்டு.

பாடம் எளிது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீளத் தொலைவில் இருக்கட்டும். முழங்கை கீபோர்டின் உயரத்தில் இருக்க வேண்டும். மேஜை உயரம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், குள்ளமானவர்கள் நாற்காலியை உயர்த்தி, காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். லேப்டாப்பை உயர்த்தி வைத்து, தனி கீபோர்டு பயன்படுத்தலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது முதுகுக்கு ஓய்வு.

ஆனால் மாநாட்டு அறையில் ஒருமுறை நடத்தும் சொற்பொழிவு பழக்கமாக மாறாது. அவரவர் இருக்கையிலேயே சரிசெய்து காட்ட வேண்டும். சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த நாற்காலியும் தனியாக எதையும் சாதிக்காது. முதல் மாணவர் மேலதிகாரியாக இருப்பது நல்லது. எழுந்து நிற்பவரை அவர் முறைத்தால், மறுநாள் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.